பென்சிலில் எழுதிய எண்

செப்டம்பர் 8, திங்கள்

முதலாண்டு வகுப்பு, நாற்பத்திரண்டு பேர். பாடம்: தனிமனிதன், சமூகம், தொழில்நுட்பம். கட்டாயப் பாடம் என்பதால் வருகிறார்கள். மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதி நடுவில் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்று எனக்கே தெரியவில்லை.

கட்டுரை கொடுத்தேன். 'நான் என்பது எது? அதில் ஊர் தந்தது எவ்வளவு, கருவி தந்தது எவ்வளவு?' கையால் எழுத வேண்டும். பெயர், எண் எதுவும் கூடாது. பெயர் இல்லாவிட்டால் பொய் குறையும் என்றேன். நான் மட்டும்தான் படிப்பேன் என்றும் சொன்னேன்.

மூன்றாம் வரிசை, ஜன்னலோரம். வருகைப் பதிவேட்டில் 31. எழுந்து கேட்டாள்:

"பேர் போடாட்டி மார்க் எப்படிங் சார் போடுவீங்க?"

வகுப்பு சிரித்தது. அது என் கவலை என்றேன். நன்றாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 10, புதன்

எல்லாத் தாள்களும் வந்துவிட்டன. ஒன்பது கட்டுரைகள் 'இன்றைய வேகமான உலகில்' என்று தொடங்குகின்றன. ஒன்பது பேரும் ஒரே கருவியிடம் கேட்டு அதைக் கையால் எழுதியிருக்கிறார்கள். பெயர் போடாதே என்றால் ஆளையே விட்டுவிட்டார்கள்.

மற்றவை பரவாயில்லை. ஒருவன் தன் பெயருக்குப் பின்னால் வரும் சொல்லைத் திருவிழா மாதத்தில் மட்டும் இணையத்தில் சேர்த்துக்கொள்கிறானாம். ஒருத்தி, கேமராவில் வெள்ளையாகத் தெரிகிற முகத்தைத்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாள். அவர்கள் நேரில் வரும் தேதியை மட்டும் சிவப்பு மையில்.

31 கேட்டது சரியான கேள்வி. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை எண்வாரியாகத்தான் ஏற்ற முடியும். போன தேர்வுத் தாள்களை எடுத்து வைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டேன். நாற்பத்திரண்டு பேரையும் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு தாளிலும் வலது மேல் மூலையில் சிறியதாக எண் போட்டேன்.

பென்சில்தான்.

செப்டம்பர் 11, வியாழன்

விடுதிக் குழாயில் தண்ணீர் இல்லை. பதினாறு தாள்கள் திருத்தினேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

31-இன் கட்டுரை. ஒன்றரைப் பக்கம். ஒரு பகுதியை இங்கே எழுதி வைக்கத் தோன்றுகிறது.

'நான் இரண்டு பேர். ஒருத்தி என் செல்போன். அவள் எங்கே இருக்கிறாள் என்று அப்பா லாரிப் பட்டறையில் உட்கார்ந்தபடியே பார்ப்பார். அவள் நல்ல பெண். ஒன்பது மணியிலிருந்து நாலு மணி வரை கல்லூரியை விட்டு நகர மாட்டாள். மதியம் அவளை நூலகத்தில் சார்ஜில் போட்டுவிட்டு இன்னொருத்தி வெளியே போவாள். இன்னொருத்திக்குப் போன மாதம் பதினெட்டு முடிந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கும் கடையில் இருக்கிற ஒருவனைத்தான் அவள் கட்டிக்கொள்வாள். அவன் எந்தத் தெரு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.'

கடைசி வரி: 'ஒரு நாள் வகுப்பில் நான் இல்லாமல் போனால், நானாகப் போகவில்லை என்று யாராவது எழுதி வையுங்கள்.'

அடிக்கோடிட்டு, ஓரத்தில் 'நல்ல முடிவு' என்று எழுதினேன். இருபதுக்குப் பத்தொன்பது.

செப்டம்பர் 15, திங்கள்

துறைக் கூட்டம். நிர்வாகம் 'அரவணைப்பு' என்று ஒரு செயலி வாங்கியிருக்கிறது. மாணவர்கள் எழுதுவதைப் படித்து மனநிலையைக் கணிக்குமாம். ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு வந்தால் அன்று மாலை ஐந்து மணிக்குப் பெற்றோருக்குச் செய்தி போய்விடும், கட்டுரையிலிருந்து மூன்று வரிகளோடு. துறைத்தலைவர் மட்டும் நிறுத்திவைக்கலாம்.

முதல் சோதனைக்கு என் வகுப்புக் கட்டுரைகள்தான். மனம் விட்டு எழுதியவை வேறு எங்கும் இல்லை என்று வசுமதி மேடம் சொன்னார். இவர்தான் எங்கள் துறைத்தலைவர். பாராட்டாகத்தான் சொன்னார்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பெயர் இல்லாத தாள்களாயிற்றே என்றேன்.

"பேர் இல்லாட்டி மொத்தமாச் சராசரி காட்டும், அவ்வளவுதான். முகில், நீங்க கவிதை எழுதற ஆளு, எதப் பாத்தாலும் பயப்படறீங்க. பயந்தவங்க பேர்லாம் அடுத்த வருஷ லிஸ்ட்ல ஏத்த முடியாது, பாத்துக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தற்காலிக விரிவுரையாளர்கள் பட்டியல் புதன்கிழமை போகிறது.

பெயர் இல்லாவிட்டால் ஆபத்தில்லை. சரி.

செப்டம்பர் 17, புதன்

மூலையில் இருந்த எண்களை அழித்தேன். ரப்பர் கறுத்துப்போனது. பட்டியலில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள், போய் வந்தேன். தாள்களைக் கணினி ஆய்வக உதவியாளர் சுகுமார் வாங்கிக்கொண்டு போனார்.

வேலை நீட்டிப்பு கிடைத்துவிட்டது. அம்மாவுக்குப் போன் செய்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மூன்று இருபதுக்குச் சுகுமார் வந்து கூப்பிட்டார். திரையில் நாற்பத்திரண்டு புள்ளிகள். இருபத்திரண்டு புள்ளிகளுக்குக் கீழே 'அடையாளம் இல்லை'. மீதி இருபதுக்கும் எண் இருந்தது.

"நல்லவேளை சார் நீங்க நம்பர் போட்டது. லேசா இருந்தாக்கூட எடுத்துக்குது."

மூன்று சிவப்பு. 9, 17, 31.

ஐந்து மணிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மேடம் அறைக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை தேர்வுப் பிரிவிலிருந்து யாரோ இருந்தார்கள். இரண்டாவது முறை மேடம் தனியாகத்தான் இருந்தார். போனில் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றேன். கையால் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, அப்புறம் வருகிறேன் என்று சைகை காட்டினேன்.

ஐந்து மணிக்கு நூலக வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே, தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளக்கில் யாருடைய செல்போனோ.

செப்டம்பர் 19, வெள்ளி

மாடிப்படித் திருப்பத்தில் 31 எனக்காகக் காத்திருந்தாள். அழவில்லை.

"காலைல அப்பா போன் பண்ணினாருங் சார். சாப்ட்டியா சாமின்னு கேட்டாரு."

நல்லதுதானே என்றேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை, ஆனால் நல்லதுதானே என்றுதான் சொன்னேன்.

"அவரு எப்பவும் அப்படிக் கேக்க மாட்டாருங் சார்." கொஞ்ச நேரம் என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையில் பென்சில் இருந்தது. "நீங்க மட்டும்தான் படிப்பேன்னு சொன்னீங்க."

மேடத்திடம் பேசுகிறேன் என்றேன். மேடம் சேலம் போயிருந்தார்.

செப்டம்பர் 20, சனி

காலை பதினோரு மணிக்கு ஒரு கார். அப்பாவும் இன்னும் இரண்டு பேரும். அவளை நூலகத்திலிருந்து அழைத்து வரச் சொன்னார்கள். அலுவலக வாசலில் அவர் முதலில் செல்போனை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகுதான் அவளை உட்காரச் சொன்னார். அதட்டல் இல்லை, சத்தமே இல்லை. தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

என்னைக் காட்டி யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். நேராக என்னிடம் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பெயிண்ட் வாசனை. இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்தார்.

"நீங்க எழுத வெக்காட்டி எங்களுக்குத் தெரியாமயே போயிருக்குமுங்க. எங்க புள்ளயக் காப்பாத்திக் குடுத்திருக்கீங்க."

அவள் காரில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் ஆள். என்னைப் பார்த்தாளா என்று தெரியாது. நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

வருகைப் பதிவு. முப்பது. முப்பத்தொன்று. மின்விசிறிச் சத்தம். முப்பத்திரண்டு.

திரையில் அவள் புள்ளி மஞ்சளுக்கு வந்துவிட்டது. 'பெற்றோர் தலையீடு நடந்தது.' தாள்களைச் சுகுமார் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

சட்டைகள் துவைத்தேன். காய்வதற்குள் மழை.

செப்டம்பர் 25, வியாழன்

பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் வந்து நின்றான். இருபத்து மூன்று வயது இருக்கலாம். விரல் நுனிகளில் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்ட தழும்புகள். ரூபன் என்று சொன்னான். யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

டீ வாங்கிக் கொடுத்தான். அவன் சொன்னதெல்லாம்: சனிக்கிழமையிலிருந்து அவள் குரலைக் கேட்கவில்லை. காவல் நிலையத்தில் புகார் வாங்கவில்லை. சேலத்தில் ஒரு வழக்கறிஞர் அம்மா ஆட்கொணர்வு மனு போடலாம் என்கிறார். ஆனால் அவள் விருப்பத்துக்கு மாறாகக் கூட்டிப் போனார்கள் என்பதற்கு எழுத்தில் ஏதாவது வேண்டும். அவன் அனுப்பியதையும் அவள் அனுப்பியதையும் அன்றன்றைக்கே அழித்துவிடுவார்கள். அதுதான் பத்திரம் என்று நினைத்திருக்கிறார்கள்.

"கட்டுரையில எழுதிருக்கேன்னு சொல்லுச்சுங் சார். கடைசி வரி உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்னுச்சு."

தாள்கள் கல்லூரியில் இருக்கின்றன, எடுப்பது கஷ்டம் என்றேன்.

தன் போனைக் காட்டினான். அவள் இருப்பிடத்தை அவனோடும் பகிர்ந்து வைத்திருந்திருக்கிறாள். அவள் அப்பாவுக்கு அது தெரியாது போல. வரைபடத்தில் திருப்பூரில் ஒரு தெரு, அதில் ஒரு நீலப் புள்ளி. அத்தை வீடாம்.

"அஞ்சு நாளா அங்கயேதாங் சார் இருக்குது. நகரவே இல்ல."

எங்கே என்றாவது தெரிகிறதே என்றேன். எனக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது.

டீக்கடையில் என் பை என் கால்களுக்கு நடுவில்தான் இருந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

மேடம் கூப்பிட்டார். யாரோ வக்கீல் கல்லூரிக்குப் போன் செய்திருக்கிறார்கள். மாணவர்களின் அந்தரங்கத்தைக் காக்க ஸ்கேன் செய்த படங்களை நீக்கிவிட்டார்களாம். அசல் தாள்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இல்லேன்னா ரொம்ப நல்லது முகில். இருந்தா, நம்பர் யாரு போட்டாங்கன்னு ஒரு கேள்வி வரும்."

இல்லை என்றேன்.

மாலை அறைக்கு வந்து மேசையைச் சுத்தம் செய்தேன். ரப்பர் துகள்களை ஊதித் தள்ளினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ரூபன் நான்கு முறை அழைத்தான். எடுக்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை விடுமுறை என்பதால் ஆயுத பூசையை இன்றே வைத்துவிட்டார்கள். சுகுமார் கணினிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்தார். ஸ்கேனரின் கண்ணாடி மேல் பொட்டு படக்கூடாது என்று மூடியின் மேல் வைத்தார், அதில் ஒரு செவ்வந்தி. பொரியும் கடலையும் என் கையில் கொடுத்தார்.

தீபாராதனை முடிந்ததும் திரை தானாக விழித்தது. 31 பச்சை.

எப்படி என்று கேட்டேன். படிப்பை நிறுத்துவதாகக் கடிதம் வந்துவிட்டதாம். நிறுத்தியவர்களுக்குப் பச்சைதான் காட்டும் என்றார். கடிதம் அங்கேயே கோப்பில் இருந்தது. கணினியில் அடித்தது. 'என் சொந்த விருப்பத்தின் பேரில்.' கீழே கையெழுத்து.

அவள் 'வ' போடும்போது சுழி உள்ளே திரும்பித் தொடாமல் நிற்கும், மூடாத வளையல் போல. நாற்பத்திரண்டு பேரின் எழுத்தும் எனக்குத் தெரியும். இதில் சுழி வேறு மாதிரி இருந்தது. பேனாவை அழுத்திப் பிடித்து மெதுவாக எழுதிய வயதான கை.

பொரியை யாரும் பார்க்காத இடத்தில் கொட்டினேன்.

அக்டோபர் 1, புதன்

விடுமுறை. விடுதி காலி.

17ஆம் தேதி எழுதியது சரியல்ல. இருபத்திரண்டு தாள்களில்தான் அழித்தேன். இருபத்து மூன்றாவதைக் கையில் எடுத்தபோது அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். சுகுமார் வந்து நின்றபோது மீதி இருபது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். பெயரே வேண்டாம் என்று சொன்னவன் எண் போட்டிருக்கிறான் என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் காரணம்.

18ஆம் தேதி மேடம் போனில் பேசியது அவர் மகளோடு. என்ன சமைப்பது என்று. குறுக்கிட்டிருக்கலாம்.

26ஆம் தேதி மேசையை மட்டும் சுத்தம் செய்யவில்லை.

தாளை வெளியே எடுத்தேன். வலது மேல் மூலை வெளுத்துக் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. எண் இருந்தால் இது அவளுடைய தாள். அவளைக் காட்டிக்கொடுத்தது அந்த எண். இப்போது அவளுக்காகப் பேசக்கூடியதும் அதுதான். அதைத்தான் வழித்தெடுத்திருக்கிறேன். இப்போது இது யாருடைய தாளும் இல்லை. யாரோ இரண்டு பேராக இருக்கிறாள். யாரோ நானாகப் போகவில்லை என்கிறாள். 'நல்ல முடிவு' என்று என் சிவப்பு மை சொல்கிறது.

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பள்ளம் தெரிகிறது. 3. 1.

ரூபனுக்குப் போன் செய்தேன். ஒரே மணியில் எடுத்தான்.

அக்டோபர் 3, வெள்ளி

சேலம். வழக்கறிஞர் அம்மாவின் அறையில் இரண்டு நாற்காலிகள், மூன்று பேர். ரூபன் நின்றுகொண்டான்.

தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார். இதை அவள் எழுதினாள் என்று எப்படிக் காட்டுவது என்று கேட்டார். சொன்னேன். கையெழுத்தை ஒப்பிட்டது, எண் போட்டது, விட்டது, அழித்தது. ரூபன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னேன்.

"இதெல்லாம் நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். வேலை போகும், தெரியுமில்ல?"

தெரியும்.

"போன வாரம் வியாழக்கிழமையே வந்திருந்தா இந்நேரம் ஒரு தேதி வாங்கியிருக்கலாம்." திட்டுகிற குரல் இல்லை. நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மூலையில் பள்ளத்தின் மேலேயே பேனாவால் 31 என்று எழுதினேன். கீழே என் பெயர், தேதி. பிறகு பிரமாணப் பத்திரத்தில் அவள் பெயரை எழுத வேண்டியிருந்தது. பவதாரிணி. இந்தக் குறிப்பேட்டில் அதை இதுவரை ஒரு முறைகூட எழுதவில்லை என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

வெளியே வந்ததும் ரூபன் என்னைவிட்டுத் தள்ளிப் போய் நின்றான். பேருந்து வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீலப் புள்ளி அதே தெருவில்.

"பத்துக் கதவு தள்ளி இருக்கற கோயிலுக்குக்கூடப் போகலீங்க" என்றான், போனிடம்.

அக்டோபர் 6, திங்கள்

என் வகுப்பை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சாவியை மேடத்தின் மேசையில் வைத்தேன். எடுத்து இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 7, செவ்வாய்

நீதிமன்றம் மனுவை எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்குள் அவளை நேரில் கொண்டுவர வேண்டும் என்று காவல்துறைக்கு உத்தரவு. கட்டுரையின் கடைசி வரியை நீதிபதி வாய்விட்டுப் படித்தாராம்.

பெண் திருப்பூரில் அத்தை வீட்டில் நலமாக இருக்கிறாள் என்று அப்பா தரப்பில் சொன்னார்கள். சந்தேகம் இருந்தால் செல்போன் இருப்பிடத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களே சொன்னார்களாம்.

அக்டோபர் 8, புதன்

ஒன்றும் சாப்பிடவில்லை. 12ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். 'அவள் நல்ல பெண். நகர மாட்டாள்.'

இதை அன்றைக்கே இப்படிப் படித்திருக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் அவன் புள்ளியைக் காட்டியபோதாவது.

அக்டோபர் 9, வியாழன்

மதியம் ஒன்றரை மணிக்கு ரூபன் அழைத்தான். போலீசோடு திருப்பூர் போயிருந்தான். பின்னால் யாரோ ஒரு பெண் எனக்கொன்றும் தெரியாது, வைக்கச் சொன்னார்கள் வைத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முன்னறையில் அலமாரி மேல் இருந்ததாம். சார்ஜில். தினமும் துடைத்து வைத்திருக்கிறார்கள், ஒரு தூசி இல்லை.

"நூறு காட்டுதுங் சார்" என்றான் ரூபன்.

வீட்டில் வேறு யாரும் இல்லை.